வெள்ளிக்கிழமைகளுக்கு ஐம்பத்திரண்டு வாக்கியங்கள்

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. மற்ற ஊர்க்காரர்கள் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். சிவகாசியில் அதற்கு ஆறு வேண்டுமே. இங்கே இன்றைக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூஜை போட்டு வெளியிடுவோம். எங்கள் அச்சகத்திலும் போட்டோம். கேசரி கொடுத்தார்கள். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன், ஒன்று என் மனைவி சீனியம்மாளுக்கு.

நான் அச்சகத்தில் மேட்டர் பார்க்கிறேன். அதாவது தினசரித் தாளில் நல்ல நேரம், ராகு காலம் தவிர்த்து மிச்சம் இருக்கிற இடத்தில் என்ன எழுத்து வரவேண்டுமோ அதை எழுதித் திருத்துவது. அதற்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். அதனால் முதலாளி தனபாலன் முதல் கட்டிங் போடுகிறவர் வரை எல்லோருக்கும் நான் வாத்தியார்.

பூஜை முடிந்ததும் முதலாளி கூப்பிட்டார். ஒரு நகைக்கடைக்காரர் முப்பதாயிரம் காலண்டர் கேட்கிறாராம். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைத் தாளின் அடியிலும் பணத்தைப் பற்றிய ஓர் ஆங்கிலச் சொல்வழக்கு, அதன் பொருள், தமிழில் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொள்ளும், அந்தச் சாக்கில் கடையின் பெயரும் வீட்டில் நிற்கும் என்பது அவர் கணக்கு. அடுத்த வருடத்தில் ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமைகள் வருகின்றன. சரி என்றேன்.

இந்த டைரி இரண்டு வருடம் பழையது. விற்காமல் கோடவுனில் கிடந்ததை எடுத்துக்கொண்டேன். கிழமையை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்தினால் போதும், தாள் எல்லாம் புதிது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பட்டியல் போட உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பதினேழு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் இருநூறு வருடம் நம்மிடம் பணம் சேர்த்தவன், அதைப் பற்றிப் பேசவும் வேண்டிய அளவு சேர்த்து வைத்திருக்கிறான்.

பொருள் எழுதுவது சுலபம். வாக்கியம்தான் வரவில்லை. நான் எழுதினால் பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது. சீனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று, ‘டைட் ஃபிஸ்டட்’ என்றால் மூடிய கையைத் திறக்காதவன், இதற்கு ஒரு வாக்கியம் சொல்லேன் என்றேன். அவள் கத்தியைக்கூட நிறுத்தவில்லை. “கல்யாண நாளுக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ கேட்டதுக்கு, அடுத்த தெருவுல செடியே இருக்கேன்னார்.”

எழுத்துத் தமிழில் மாற்றி எழுதிக்கொண்டேன். என்ன இயல்பாக இருக்கிறது. பத்தாவது வரை படித்தவள், கற்பனைத் திறன் இருக்கிறது. இனி வாக்கியம் எல்லாம் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். வெளி ஆளிடம் கொடுத்தால் வாக்கியத்துக்கு இருபது ரூபாய் கேட்பான்.

எழுந்திருக்கும்போது இடது கண்ணில் ஓரமாக எதுவும் தெரியவில்லை, மூடுபனியாக இருக்கிறது என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். புரைதான். ஐம்பத்தைந்து வயதில் யாருக்கு இல்லை? புரை நன்றாக முற்ற வேண்டும், முற்றாமல் எடுத்தால் பிரயோசனம் இல்லை. பொங்கல் கழித்து மண்டபத்தில் இலவச முகாம் போடுவார்கள். வேன், ஆபரேஷன், மத்தியானச் சாப்பாடு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் சும்மா. அதுவரை பொறுத்துக்கொள் என்றேன். சரி என்றாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

‘சேவிங் ஃபார் எ ரெய்னி டே.’ மழைநாளுக்கென்று சேர்த்து வைப்பது. இதற்குப் பொருள் எழுதத்தான் சிரமம். அவன் ஊரில் மழை என்றால் கஷ்டம். இந்தக் கந்தக பூமியில் மழை பெய்தால் தெருவில் வந்து நின்று பார்ப்போம். ‘அவசரக் காலத்துக்கு’ என்று போட்டுச் சமாளித்தேன்.

சீனியம்மாள் சொன்ன வாக்கியம்: “எங்கள் வீட்டுக்காரர் மழைநாளுக்கென்று வங்கியில் பணம் சேர்த்து வைத்திருக்கிறார், மழை பெய்தால் நாங்கள் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்வோம்.”

பாடம் நடத்தினால்கூட இவ்வளவு தெளிவாகப் புரியவைக்க முடியாது. அப்படியே எழுதிக்கொண்டேன். ஒழுகுகிற கூரை விஷயத்தை அவள் நினைவுபடுத்தியதில் எனக்குச் சிறிது வருத்தம்தான். மேஸ்திரி சொன்ன தொகை அநியாயம்.

என்னிடம் நான்கு லட்சத்து முப்பதாயிரம் வங்கியில் இருக்கிறது. டைரியில் எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தை மூடியபோது எட்டு மாதச் சம்பளம் தரவில்லை. சீனியம்மாள் சங்கிலியை அடகு வைத்துத்தான் சாப்பிட்டோம், அது முழுகியும் போயிற்று. அன்றைக்கு ஒரு பயம் வந்தது, இன்னும் போகவில்லை. பணம் எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 19, சனி

ஐந்து வாக்கியம் முடிந்தது. சாம்பாரைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டாள், ஒரு கரண்டி.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இரண்டு நாளாக இடது பக்கம் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறாள். தோள்பட்டை கன்றிப் போயிருக்கிறது. வெளிச்சம் பத்தவில்லையா என்று கேட்டதற்கு, வெளிச்சம் இருக்கிறது, கதவுதான் இல்லை என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து வாட் பல்பைக் கழற்றி ஒன்பது வாட் போட்டேன். கரண்ட் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

பட்டியலில் இருபத்தெட்டாவது: கையில் காசு இருந்தால் அது பாக்கெட்டை எரித்து ஓட்டை போடுகிறது என்கிறார்கள், அதாவது செலவழிக்கத் துடிப்பது. அவள் வாக்கியம்: “அவர் பாக்கெட்டில் அப்படி ஓட்டை விழுந்ததே இல்லை, சட்டைதான் கிழிந்தது.” எதிர்மறையில் சொல்லி விளக்குவது நல்ல உத்தி. பள்ளியில் எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

திருநெல்வேலியிலிருந்து மகள் செல்வக்கனி போன் செய்தாள். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்றாள். முற்றட்டும் என்று விளக்கினேன். இந்தக் காலத்தில் யாரும் முற்ற விடுவதில்லை, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மருமகன் சம்பளத்தில் என் மனைவிக்கு வைத்தியம் பார்க்கிற நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ‘ஃபுட் த பில்’ எழுத வேண்டியிருந்தது. மற்றவர் செலவை ஏற்றுக்கொள்வது. சீனியம்மாள் யோசிக்காமல் சொன்னாள்: “செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று மகள் சொன்னாள், அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, அம்மாவுக்குத்தான் ஒன்றும் வரவில்லை.” கடைசித் துண்டு தேவையில்லை என்று பட்டது. ஆனால் இடம் இருந்தது, விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 11, திங்கள்

ஐம்பத்திரண்டும் முடிந்தது. அச்சகத்தில் கொடுப்பதற்கு முன்னால் சொல்வழக்கையும் பொருளையும் மட்டும் வாசித்துக் காட்டினேன். அவள் இப்போதெல்லாம் எழுத்தைப் படிப்பதில்லை, கேட்டுக்கொள்கிறாள். பத்தொன்பதாவது ‘டேலைட் ராபரி’. விலை என்ற பெயரில் பகல் கொள்ளை அடிப்பது. அதை வாசித்ததும், அது எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டாள். பத்தொன்பதாவது வெள்ளி, மே பத்து என்றேன். “அடுத்த வருசம் அட்சய திருதியை என்னைக்கு?”

பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். மே பத்து.

நகைக்கடைக்காரரின் காலண்டரில், ஊரே அவர் கடை வாசலில் நிற்கிற ஒரே நாளில், அவர் பெயருக்கு நேர் கீழே பகல் கொள்ளை. முப்பதாயிரம் பிரதி. எனக்கு வியர்த்துவிட்டது. என் வேலை மட்டுமல்ல, தனபாலன் சட்டையும் போயிருக்கும். அதை நவம்பருக்குத் தள்ளிவிட்டு, அங்கே இருந்த ‘வாயில் வெள்ளி ஸ்பூனோடு பிறந்தவன்’ என்பதை மே பத்தில் போட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். சீனியம்மாள் கண்டுபிடித்தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது, அதற்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நகைக்கடைக்காரருக்கும் போன் போட்டுச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். எனக்கு மூவாயிரம் ரூபாய் கவரில் வைத்துக் கொடுத்தார்.

வீட்டில் கவரைப் பார்த்து, “அந்தப் பணத்துல ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துரலாமாங்க” என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் இன்னும் நான்கு மாதத்தில் சும்மா கிடைக்கப்போகிற ஒன்றுக்கு இன்றைக்குப் பணம் கொடுப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? மதுரைக்குப் போய்வர பஸ், சாப்பாடு, டாக்டர் ஃபீஸ். விளக்கிச் சொன்னேன். மறுபடி கேட்கவில்லை. அவளிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான். பணத்தை வங்கியில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

முதல் புரூஃப் வந்தது. தனபாலன் வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யாரு வாத்தியாரே இந்தக் கஞ்சப் பிசினாரி?” என்றார். எல்லாம் கற்பனை என்றேன். கம்ப்யூட்டரில் அடிக்கிற ஜெபராணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், வீட்டுக்கு வந்து போகிற பெண். என்னைப் பார்க்காமல் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 1, ஞாயிறு

பல்பைச் சுற்றி வானவில் தெரிகிறது என்றாள் சீனியம்மாள். வலது கண்ணாலும் தெரிகிறதாம். தீபாவளி உனக்கு மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது என்றேன். அவளும் சிரித்தாள்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் மாலை போட்டுப் பொரி கொடுத்தார்கள். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் சீனியம்மாள் தரையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இடது கண் சிவந்து கல் மாதிரி இருந்தது. தலை பிளக்கிறது என்றாள். இரண்டு தரம் வாந்தி. பித்தமாக இருக்கும் என்று இஞ்சி தட்டிக் கொடுத்தேன், அதையும் எடுத்துவிட்டாள்.

பிறகு, “நீங்க எங்க நிக்கிறீங்க?” என்று கேட்டாள். நான் அவளுக்கு இடது பக்கம் ஒரு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மதுரைக்கு வாடகைக் கார் வைத்தேன். எவ்வளவு என்று கேட்கவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

மதுரை, ஆஸ்பத்திரி.

புரை இல்லையாம். கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். இடது கண்ணின் நரம்பு காய்ந்துவிட்டது, அந்தப் பார்வை திரும்ப வராது. வலது கண்ணிலும் ஓரம் போக ஆரம்பித்திருக்கிறது. லேசர் வைத்து, ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சின்னப் பெண், செல்வக்கனி வயது இருக்கும்.

எப்போதிலிருந்து என்று கேட்டார். ஆகஸ்ட் என்றேன். எழுதிக்கொண்டார். ஏன் அப்போதே வரவில்லை என்றார். முற்றட்டும் என்று இருந்தோம் என்றேன்.

“இது முத்துறது இல்ல சார். எத்தன நாள் விடுறீங்களோ அத்தன நாளுக்குப் பார்வை போய்க்கிட்டே இருக்கும். போனது வராது.”

கவுன்ட்டரில் பணம் கட்டினேன். லேசர், மருந்து, இரண்டு நாள் அறை எல்லாம் சேர்த்து, நான் பயந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு ஆயா வந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அக்டோபர் 26, வியாழன்

செல்வக்கனி வந்தாள். என்னிடம் பேசவில்லை. அவள் அம்மா, “ஏட்டி, அப்பாட்ட பேசு” என்றாள். அதற்கும் பேசவில்லை.

நவம்பர் 2, வியாழன்

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆயிற்று, இன்றுதான் அச்சகத்துக்குப் போனேன். கடைசிப் புரூஃப் காத்திருந்தது. இதுவரை அந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் எழுத்துப் பிழைக்காக. இன்று முதல் தடவையாக ஐம்பத்திரண்டையும் ஒரே மூச்சில் படித்தேன்.

மல்லிகைப்பூ. கட்டில். கிழிந்த சட்டை. ரோஷம் வந்த அப்பா. பேருந்தில் ஒரு ஸ்டேஜ் முன்னாலேயே இறங்கி, மனைவியை வெயிலில் நடக்கவைக்கிற ஆள். விருந்தாளி வந்தால் மட்டும் ஃபேன் போடுகிற ஆள். ஆல்பம் பூஜையில் கொடுத்த கேசரியை நான்கு நாள் வைத்திருந்து தின்னச் சொன்ன ஆள். நாற்பதாவது வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

ஜெபராணி தயங்கித் தயங்கி, “மாத்தணும்னா சொல்லுங்க சார், நான் இருந்து அடிச்சுத் தாரேன்” என்றாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சீனியம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டையும் வாசித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முடித்துவிட்டு, இதெல்லாம் என்னைப் பற்றித்தானா என்று கேட்டேன்.

“எனக்கு வேற யாரைத் தெரியும்?” என்றாள்.

சொல்லிக்காட்டுகிற குரலே இல்லை. வாக்கியம் கேட்டேன், அவளிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். முப்பது வருடம் குடித்தனம் செய்த மனுஷியிடம் ஐம்பத்திரண்டு இருந்திருக்கிறது, அதில் ஒன்றுகூட எனக்குச் சாதகமாக இல்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. மாற்றிவிடட்டுமா என்றேன். உங்கள் இஷ்டம், ஆனால் பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்றாள்.

நவம்பர் 3, வெள்ளி

ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மத்தாப்புகூட வேண்டாம், புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கூரைக்கு மேஸ்திரியிடம் முன்பணம் கொடுத்தேன். அவர் சொன்ன தொகையையே கொடுத்தேன், அவருக்கே ஆச்சரியம்.

நவம்பர் 30, வியாழன்

ஒரு மாதச் சோதனைக்கு மதுரை போனோம். சீட்டெல்லாம் பார்த்துவிட்டு, கருவியை வைத்து அளந்தார் டாக்டர். முகம் மாறியது. வலது கண்ணில் அழுத்தம் இறங்கவே இல்லை, இந்த மருந்துக்கு இறங்கியிருக்க வேண்டுமே என்றார். தினமும் விடுகிறீர்களா என்று கேட்டார். தினமும் காலையிலும் சாயங்காலமும் விடுகிறாள் என்று நான்தான் அடித்துச் சொன்னேன். தானே விட்டுக்கொள்வதாக அவள் சொன்னதால் நான் பார்த்ததில்லை.

மருந்துப் பாட்டிலைக் கேட்டார். சீனியம்மாள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வைத்திருந்தேன், ஒரு நாளைக்கு நான்கு சொட்டு, இருபத்தைந்து நாளில் தீர்ந்துவிடும். கணக்கில் நான் தவறுவதில்லை. என் கைக்கு வந்தபோது பாட்டில் கனமாக இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சீனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, என்னிடம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

“காலையில மட்டும் விட்டேங்க. அதும் ஒண்ணு விட்டு ஒருநாள். ஒரு பாட்டில் அறுநூத்தி நாப்பது ரூவாயில்ல.”

டாக்டர்தான் திட்டினார். அவளைத் திட்டினார். என்னைத் திட்டவே இல்லை. ஆள் மாறித் திட்டுகிறீர்கள் என்று சொல்ல நினைத்தேன்.

இன்னொரு தடவை லேசர் வைத்தார்கள். மிச்சம் இருப்பது நிற்குமா என்று கேட்டேன். மருந்தை ஒழுங்காக விட்டால் நிற்கலாம் என்றார். நிற்கும் என்று சொல்லவில்லை.

கடையில் மூன்று பாட்டில் வாங்கினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஸ்டாண்டில் ஒரு சிமெண்டு பெஞ்சில் அவளை உட்காரவைத்து, புதுப் பாட்டிலைத் திறந்து, நானே விட்டேன். எனக்குப் பழக்கமில்லை. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில் விழுந்து வழிந்தது. அவள் சட்டென்று விரலால் அதைத் துடைத்து எடுத்துக் கண் பக்கம் கொண்டுபோனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வீணாப் போகுதுங்க” என்றாள்.

“போகட்டும்” என்றேன்.

மறுபடி விட்டேன். அது கண்ணுக்குள் விழுந்தது.